ஜன்னலோரத்து வெளிநாட்டு மெஷின்

...அதத்தாம்மா நானும் கத்திக்கிட்டே இருக்கேன், வேவு பாக்குற ஜெராக்ஸ் மெஷினக் கொண்டாந்து ஜன்னலோரமா உக்கார வெச்சிருக்காங்கன்னு! எந்த ஜன்னல்? பத்தொம்பது வருஷமா நான் உக்காந்திருந்த ஜன்னல். மெஷினுக்குக் காத்து வேணுமாம். அப்போ எனக்கு வேணாமா? என்னையும் என் நாற்காலியையும் தூக்கிப் பாத்ரூம் கதவுகிட்ட போட்டுட்டாரு நம்ம மேனேஜர். போறவங்க வர்றவங்க எல்லாம், உள்ள ஆளிருக்கான்னு எங்கிட்ட கேக்குறாங்கம்மா. ஹெட் கிளார்க்கு நான்...

நீங்க பாட்டுக்கு ஸ்குரூவக் கழட்டுங்க, நான் பாட்டுக்குப் பேசுறேன். தலைமை ஆபீஸ்லேர்ந்து மெஷினச் சோதிக்க இன்ஜினியர் வர்றாங்கன்னதும், மீசை வெச்ச ஆளா வரும்னு நெனச்சேன். பாத்தா என் நாத்தனார் மக மாதிரி இருக்கீங்க. அவளும் இப்பிடித்தான், வாயே தொறக்க மாட்டா.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், மெஷின். எந்த நாட்டுல செஞ்சதோ, முதுகுல எழுதியிருக்குறது ஒரு எழுத்து புரியல. ஆளில்லாதப்போ தானா முழிச்சுக்கிட்டு உர்ருங்குது. யாருகூடப் பேசுது? யாரோ ஒரு புண்ணியவான் மொட்டைக் கடுதாசி போட்டதாலதான நீங்களே வந்திருக்கீங்க. யாருன்னெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா நல்லா எழுதியிருந்தாங்களாம். நம்ம ரகசியமெல்லாம் கடல் தாண்டிப் போகுதுன்னு மூணாவது பாராவுல... சும்மா காதுல விழுந்துச்சும்மா. தண்ணிக் குழாய் விக்கிற கம்பெனியில என்ன ரகசியம்னு கேக்காதீங்க. இருக்கும்.

அட, அந்தச் சின்ன டப்பாதான் டிஸ்க்கா? நகல் எடுத்ததெல்லாம் அப்படியே உள்ள இருக்குதா? நான் சொன்னேன்ல! படிங்கம்மா, ஒண்ணு விடாமப் படிங்க. எத்தன மணிக்கு, யாரு எடுத்தது, எல்லாமே... ஆளாளுக்குக் குடுத்த நம்பரோடயா?

...எல்லாமேவா?

இல்ல, ஒண்ணுமில்ல. வேர்க்குது.

ஏம்மா, இதப் பாத்தா அப்பிடியொண்ணும் கெட்டதாத் தெரியலயே. குடும்பப் பாங்கான மெஷின். விட்டுடலாமே... சிரிக்காதீங்க. சரி, சொல்லிடுறேன், அந்தக் கதவச் சாத்துங்க. அந்தப் புண்ணியவான் நாந்தான். கையெழுத்து தெரிஞ்சுடக் கூடாதுன்னு இடது கையால எழுதினேன். ஒரு பக்கம் முடிக்கிறதுக்குள்ள தோள்பட்டை கழண்டுடுச்சு. மேலிடத்துல மூணு பேருக்கு அனுப்பணுமே, மறுபடி மறுபடி யாரு எழுதுறது? என் நம்பரத் தட்டி மூணு நகல் எடுத்தேன். எதுல? எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்குதுன்னு எதப் பத்தி எழுதினேனோ, அதுலயே! என் புத்தியச் செருப்பால அடிக்கணும்.

ஒரு பட்டன அழுத்தினா அத்தனையும் அழிஞ்சிடுமா? தெய்வம்மா நீங்க. அழுத்துங்க... இருங்க, இருங்க. அழிச்சுட்டா, உள்ள ஒண்ணுமில்லன்னு எழுதிடுவீங்களா? மெஷின் இங்கயே இருக்குமா? ஜன்னல்லயேவா? உள்ள நகல் ஏதாச்சும் இருந்தாத்தான் மெஷின இங்கேர்ந்து எடுத்துட்டுப் போவீங்களா?

மேனேஜர் முகத்துல எப்பிடி முழிப்பேன்? ஆபீஸே கூடி நின்னு சிரிக்குமே. ரிட்டயர் ஆகுறவரைக்கும் மொட்டைக் கடுதாசின்னே கூப்பிடுவாங்க... கொஞ்சம் தலைய நகத்துங்கம்மா. வெளிய மரம் தெரியுதா? ஒம்பது மாசமாச்சு அதப் பாத்து. எம்புட்டு வளந்திருக்கு பாருங்க.

சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். பட்டன்லேர்ந்து கைய எடுங்க. கடுதாசி என்னுது, நம்பர் என்னுது, எழுதிக்குங்க. நீங்க அந்தப் பக்கம் புடிங்க, நான் இந்தப் பக்கம் தள்ளுறேன். அடியில சக்கரம் இருக்கு, நான் முன்னயே பாத்து வெச்சிருக்கேன்.