மூன்று நாள் அவகாசம்

லிஃப்டுக்குள் போனில் சிக்னல் கிடைக்காது. உங்களுக்கும் தெரிந்திருக்கும், கதவு மூடியதும் பேச்சு அறுந்துபோகும். சுற்றிலும் இரும்புத் தகடு, அதற்கு வெளியே கான்கிரீட். அலை உள்ளே வர வழியில்லை. அப்படியென்றால் லிஃப்டுக்குள் இருக்கும் ஒருவர் இணையத்தில் சதுரங்கக் காயை எப்படி நகர்த்துவார்? மூன்று நாள் இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. நீங்களோ வந்ததிலிருந்து சுவிட்சைப் பற்றியே கேட்கிறீர்கள். போகட்டும், உங்களுக்கும் புரிகிற மாதிரி விளக்குகிறேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். என் அக்கா வீட்டுக்காரர் ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். ஃபைல் அடுக்குவதைத் தவிர வேறெதற்கும் லாயக்கில்லாதவர். ஆனாலும் ஓர் இணையச் சதுரங்கப் போட்டியின் அரையிறுதியில் அத்தானும் நானும் மோத வேண்டி வந்தது. அதில் எதிரெதிரே உட்கார வேண்டியதில்லை. ஒருவர் காய் நகர்த்தினால் மற்றவருக்குப் பதில் ஆட மூன்று நாள் அவகாசம். அதற்குள் ஆடாவிட்டால் தோல்வி.

சாப்பாட்டு மேசையில் ஒருநாள் அவர் சொன்னார்: "மாப்ள, நீ என்ன பண்ணப்போறேன்னு உனக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். நீயும் லிஃப்ட் மாதிரிதான். ஒண்ணு மேல, இல்லன்னா கீழ." அக்கா சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

அவருடைய அலுவலகம் வேறு இடத்துக்கு மாறியது. காலிக் கட்டடத்தின் லிஃப்டைக் கழற்றும் வேலை எனக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மாலை, விட்டுப்போன ஒரு கட்டு ஃபைலை எடுக்க அத்தான் வந்தார். அவர் ஏறிய லிஃப்ட் மூன்றாம் மாடியைத் தாண்டியதும் மோட்டார் அறையில் மெயின் சுவிட்சை அணைத்தேன். அபாய மணியின் வயரைக் காலையிலேயே கழற்றியிருந்தேன். பிறகு கீழ்ப்படியில் உட்கார்ந்து என் குதிரையை நகர்த்தினேன். மூன்று நாள் அவர் ஆடக்கூடாது, அவ்வளவுதான் திட்டம். தண்ணீர் இல்லாமல் ஒருவர் மூன்று நாள் தாங்குவார் என்று எங்கோ படித்திருந்தேன்.

கண் இமைப்பதற்குள் பதில் ஆட்டம் வந்தது.

மாடிக்கு ஓடிப்போய்க் கதவில் காது வைத்தேன். உள்ளேதான் இருந்தார், தட்டிக்கொண்டிருந்தார். மறுபடி ஆடினேன். மறுபடி உடனே பதில். ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு, நான் அடுத்த காயை நகர்த்தினால் அவருக்குப் புதிதாக மூன்று நாள். ஞாயிறு முடிவதற்குள் இப்படி ஐந்து ஆட்டம். ஐந்தும் கச்சிதமான பதில்கள்.

சனிக்கிழமையே அக்கா போன் செய்தாள். "தம்பி, அத்தான் வீட்டுக்கு வரலடா. போனும் போகல."

"இப்பதான்க்கா எனக்குப் பதில் ஆடினார். ஏதாச்சும் கோபமா?"

"சட்டைக்குப் பட்டன் தைக்கலன்னு கத்திட்டுத்தான் போனார்."

"அதான் விஷயம். யார் வீட்லயாச்சும் உக்காந்து ஆடிட்டிருப்பார்."

"ஆடுறாருல்ல, அது போதும். வரட்டும், வச்சுக்கறேன்."

அவள் போலீசுக்குப் போகாததற்கு அந்தப் பதில்கள்தான் காரணம். என் பொய்க்கு அத்தானே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மாலை மீண்டும் கூப்பிட்டாள். "இன்னும் ஆடுறாராடா?"

"உடனுக்குடனே ஆடுறார்க்கா."

"ஆடாம என்ன. போன வாரமே உன் ஆட்டத்தையெல்லாம் எழுதி வச்சாரே. அவன் இதை நகர்த்தினா நான் இதை நகர்த்துவேன்னு கம்ப்யூட்டர்ல முன்னாடியே போட்டுட்டேன், அதுவே பதில் சொல்லிக்கும்னு ஒரே சிரிப்பு. அதை விடு, எப்பதான் வருவாராம்?"

தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. போட்டி நடக்கும் அந்த இணையதளத்தில் அப்படி ஒரு வசதி உண்டாம். விதிமுறைப் பக்கங்களை நான் படித்ததில்லை, அவை மூளையில்லாதவர்களுக்காக எழுதப்படுபவை. என் ஐந்து ஆட்டங்களையும் ஒரு ஃபைல் அடுக்குகிறவர் ஒரு வாரம் முன்பே வரிசையாக எழுதி வைத்திருந்தார். அப்போதும் மேலே போய்க் கேட்டேன். தட்டும் சத்தம் வந்தது, ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக.

லிஃப்டை இறக்கியிருக்கலாமே என்கிறீர்கள். உங்கள் புத்திக்கு எட்டுவது அவ்வளவுதான். மேல் அல்லது கீழ்.

நான் ராணியை எடுத்து அவருடைய சிப்பாயின் வெட்டுக்கு நேராக வைத்தேன். குழந்தைகூட அப்படி ஆடாது. பதில் வரவில்லை. "யோசிக்கிறார்க்கா, மூணு நாள் டைம் இருக்கு" என்று அக்காவிடம் சொன்னேன். வியாழன் மாலை தளம் என்னை வெற்றியாளர் என்று அறிவித்தது. அதன்பிறகு லிஃப்டை இறக்கினேன். உள்ளே இருந்ததை நீங்களே பார்த்தீர்கள்.

ஆறாவது ஆட்டம் அவர் பட்டியலில் இல்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். என்னை அவருக்குத் தெரியாது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. லிஃப்டுக்குள்ளிருந்து அவர் ஆடவில்லை, பட்டியல்தான் ஆடியது, என் கேள்விக்கு விடை அதுதான். எதிராளி உங்களை முழுக்கப் படித்து வைத்திருந்தால், நீங்கள் ஆடவே மாட்டீர்கள் என்று அவர் நம்பும் முட்டாள்தனமான ஆட்டம் ஒன்றை ஆட வேண்டும். பிறகு மூன்று நாளைக்குச் சுவிட்சைத் தொடக்கூடாது.