புளி போட்டு மினுக்கிய ஜெர்மன் பொத்தான்கள்

"ஜெர்மன் பட்டாளத்துச் சட்டைக்கு எவனாவது புளி போடுவானோ?" என்ற கேள்வி காதில் விழுந்ததும், இதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. பிளாக்டவுனில் ஏறிய ரயிலில், எனக்கு முன்னால் இரண்டு யாழ்ப்பாணத்தார். மூத்தவர் மடியில் பச்சை கலந்த சாம்பல் நிறச் சட்டை. அதன் பொத்தான்கள் பளபளத்தன.

"அழுக்கா இருந்தது அத்தான். குத்துவிளக்கு மாதிரி மினுக்கித் தந்தனான்."

"அது அழுக்கில்லையடா, பெயின்ற்! உலகச் சண்டைக் காலத்தில பொத்தானுக்குப் பூசின பெயின்ற். அதைப் பாத்துத்தான் அசல் எண்டு பிடிக்கிறது. இண்டைக்குப் பழைய பட்டாளச் சாமான் சேகரிப்பாளர் சங்கத்தில காட்டினா, புதுப் பொத்தான் தைச்சு ஏமாத்திற கள்ளன் எண்டெல்லோ என்னைச் சொல்லுவாங்கள்!"

"கலியாணவீட்டுக்கே போடலாம் போல மின்னுது."

"வாயைப் பொத்து!"

ஒரு நிலையம் கடந்தது. பிறகு இளையவர் மெல்லச் சொன்னார்: "பின்பக்கம் நான் தேய்க்கேல்லை, அத்தான்."

மூத்தவர் ஒரு பொத்தானைச் சரித்து உற்றுப் பார்த்தார்.

"பெயின்ற் இருக்கு. செய்தவன்ர முத்திரையும் இருக்கு. ஒவ்வொண்டாச் சரிச்சுக் காட்டிப் பாக்கிறன். அதுக்கும் நம்பாட்டி, நீ எழும்பி நிண்டு, கெடுத்தவன் நான்தான் எண்டு சங்கத்தில இருக்கிற அவ்வளவு வெள்ளையளுக்கும் சொல்லவேணும். இடம் வந்திட்டுது, இறங்கு!"