மூடுபனியில் இரண்டு படகுகள்

எனக்கு மீன் வாடை ஒத்துக்கொள்ளாது. பாலவாக்கத்துக்கு மூன்று முறை போனேன் என்றால், அது அந்த ஓவியத்துக்காக மட்டும்தான், இன்ஸ்பெக்டர் ஜெயராம்.

ஓர் ஓவியம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று தேடி எழுதுவது என் தொழில். நடுவில் ஒரு கை விட்டுப்போனாலும் வெளிநாட்டில் எவரும் அதைத் தொடமாட்டார்கள். மூடுபனியில் ஓர் ஆறு, இரண்டு படகுகள். பிரெஞ்சு இம்ப்ரெஷனிச ஓவியம். 2015 வெள்ளம் வடிந்த பிறகு தி.நகரில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினேன். கடைக்காரர் அப்துல் கரீம் மரச்சட்டத்துக்கு மட்டும்தான் விலை சொன்னார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எட்டு வருடம் தேடினேன். பாரிஸில் ஒரு வியாபாரி, பிறகு ஒரு டாக்டர், பிறகு டாக்டரின் மகள். அந்த அம்மாள் அடையாறில் குடியிருந்து 1964-இல் ஊர் திரும்பினாள். போகும்போது ஓவியத்தைச் சமையல்காரன் ஆண்டனிக்குக் கொடுத்துவிட்டாள். தாராளத்துக்கும் முட்டாள்தனத்துக்கும் சிலருக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

ஆண்டனியின் ஒரே மகள் ஜெசிந்தா. மீன் விற்பவள், புருஷன் இல்லை. ஆற்றங்கரை வீட்டையும் ஓவியத்தையும் அந்த வெள்ளம் கொண்டுபோனதும், மகள் ஜாஸ்மினோடு பாலவாக்கத்துக்கு வந்திருந்தாள். நான் போனபோது ஜாஸ்மின் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். போனில் படத்தைக் காட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு திரையைத் தொட்டுப் பார்த்தாள். ஐம்பது வருடம் அதை அடுப்புக்கு எதிரே மாட்டியிருந்தார்களாம். படத்திலிருப்பது அடையாறு முகத்துவாரம் என்று ஆண்டனி சொல்லியிருந்தானாம். பாரிஸில் ஓடும் சேன் நதியை. நான் சிரிக்கவில்லை.

டாக்டரின் மகள் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பைபிள் உறைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினாள். ஆண்டனிக்கும் அவன் வாரிசுகளுக்கும் என்று தெளிவாக இருந்தது. வாரிசு இருக்கும்வரை ஓவியம் என்னுடையது ஆகாது. இரண்டாம் முறை போய், கேட்கிற தொகையைத் தருவதாகச் சொன்னேன்.

“காசு வாணாம் சார். எங்க நைனா அத்தப் பாத்துக்கினேதான் கண்ண மூட்னாரு. வூட்டுக்கு எட்த்தாந்து குட்த்துடுங்க, செவுத்துல ஒரு ஆணி அட்ச்சி மாட்டிக்கிறேன்.”

ஆணி. என் மூச்சுக்காற்றுகூடப் படாமல் நான் வைத்திருந்த ஓவியத்துக்கு.

மூன்றாம் முறை போனது ஒரு மத்தியானம். விற்று முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. அவர்கள் அப்படித்தான் தூங்குவார்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டேன். அடுப்பின் கேஸ் குழாயைப் பிடுங்கிவிட்டு, கதவை வெளியே தாழிட்டேன். மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. மீதியை அது பார்த்துக்கொண்டது.

ஜாஸ்மின் உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது என்று சொல்லச் சொல்கிறார் என் வக்கீல். வாசலில் அவளுடைய பள்ளிக்கூடச் செருப்பு கிடந்தது. பார்த்தேன்.

ஆனால் என்னைப் பொய்யன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த ஓவியத்தின் வரலாற்றில் நான் ஒரு பொய்யும் சேர்க்கவில்லை. ‘ஆண்டனிக்கு வாரிசு எவரும் இல்லை’ என்ற வரியைக்கூட, மறுநாள் செய்தித்தாளில் இரண்டு பேருடைய பெயரையும் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகுதான் எழுதினேன்.