பற்றரியில் எரியும்போது எந்த மொழி

பெயர்: செபஸ்தியான் புஷ்பராஜ். வயது: 36. விலாசம்: ஜம்பட்டா வீதி, கொட்டாஞ்சேனை. தொழில்: அதிவேகப் பாதையின் மின்னணு அறிவிப்புப் பலகைகளைப் பராமரிக்கும் தனியார் கம்பனியில் தொழில்நுட்பவியலாளர்.

நான் சொல்வதாவது: கரண்ட் போனால் அறிவிப்புப் பலகை பற்றரியில் எரியும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் மாறி மாறி ஓடினால் பற்றரி தாங்காது என்பதால், அந்நேரம் ஒரு மொழி மட்டும் ஓட வேண்டும் என்ற தீர்மானம் போன மாதம் எங்கள் கந்தோரில் நீண்ட ஆலோசனைக்குப் பின் ஏகமனதாக நிறைவேறியது. எல்லோரும் கை தட்டினார்கள். எந்த மொழி என்பதற்கு வருமுன் தேநீர் வந்துவிட்டது. அதன்பின் மேலாளர் முர்ஷித், "தம்பி, இப்போதைக்கு ஏதாவது ஒண்டப் போட்டு விடுங்க, புறகு பாப்பம்" என்றார். எழுத்துப் பிழை வந்தால் வேலை போகும் என்று பயந்து, எனக்குப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த தமிழைப் போட்டேன். பிறகு ஒருவரும் பார்க்கவில்லை.

நேற்றுப் பின்னேரம் மழையில் பாதையின் பள்ளத்தில் தண்ணீர் ஏறியது. இடி விழுந்து கரண்ட் போனது. அதன்பின் பலகையில், நான் முன்பே எழுதிவைத்தபடி, "முன்னால் வெள்ளம். வாகனத்தை நிறுத்தவும்" என்று தமிழில் மட்டும் எரிந்தது. வாசிக்கத் தெரிந்தவர்கள் நிறுத்தினார்கள். தெரியாதவர்கள் தமிழைக் கண்டு பயந்து நிறுத்தினார்கள். ஒரு வாகனமும் தண்ணீருக்குள் போகவில்லை. யாரோ படம் எடுத்து, "சிங்களம் எங்கே?" என்று பேஸ்புக்கில் போட்டார்கள். அதன்பின் பொலிஸார் வீட்டுக்கு வந்து என்னை ஏற்றினார்கள். மனைவி நிரோஷா என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு சந்திவரை ஜீப்பின் பின்னால் ஓடி வந்தாள்.

இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்க, இதைப் பதியும் சார்ஜன்ட் தமிழில் சொன்னார்.

"எந்த வெள்ளம்?"

மழை வெள்ளம் என்றேன்.

"யாரை நிறுத்தச் சொன்னாய்?"

வாகனங்களை என்றேன்.

"உனக்கு ஓடர் தந்தது யார்?"

முர்ஷித் என்றேன். அந்தப் பெயரின் கீழ் இரண்டு கோடு போட்டார்கள். சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போதுதான் விளங்கியது. அதன்பின், என்னைப் பயங்கரவாத விசாரணைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டிவரும் என்றார் இன்ஸ்பெக்டர். எங்கள் ஒழுங்கையில் அப்படி அனுப்பப்பட்ட ஒருவர் பல வருடம் கழித்துத் திரும்பி வந்து, கதவைத் திறந்த பிள்ளையிடம் "நீ ஆர்?" என்று கேட்டார். அது அவருடைய மகள்.

இதற்கிடையில் வெள்ளம் வடிந்து பாதை திறக்கப்பட்டது. பலகையின் பற்றரிகளைச் சான்றுப் பொருளாகக் கழற்றிக் கொண்டுவந்து சீல் வைத்தார்கள். இன்றும் மழை வரும் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். வாயை மூடச் சொன்னார்.

இவையெல்லாம் உண்மை, என்னை யாரும் பயமுறுத்தவில்லை என்று எழுதி வாசித்துக் காட்டினார்கள், விளங்கிக்கொண்டு கையொப்பமிட்டேன். மை காயுமுன் மழையில் மறுபடி கரண்ட் போனது. அதே பள்ளத்தில் ஒரு லொறியும் ஆட்களோடு ஒரு வேனும் தண்ணீருக்குள் போய்விட்டதாகத் தொலைபேசியில் செய்தி வந்தது. பலகை ஏன் எரியவில்லை என்பது பற்றி என்னிடம் இரண்டாவது வாக்குமூலம் எடுக்கப்படுகிறது.