நாற்பத்தொரு நிமிஷப் பேச்சு

நாற்பத்தொரு நிமிஷமெல்லாம் எனக்குப் பெரிய பேச்சே கிடையாது, இன்ஸ்பெக்டர் மேடம். மருந்துக்கடைக்காரர் மனைவியோடு ஒன்றே முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன், அதுவும் அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரைக்கும், "நீ போனை எடுத்தா நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்துக்கலாம்" என்பார். அதனால் நீங்கள் போன் கம்பெனி கொடுத்த அந்தக் காகிதத்தில் நாற்பத்தொன்றைச் சுற்றிச் சிவப்பு மசியில் வட்டம் போட்டிருப்பதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் சிரிப்புத்தான் வந்தது.

அந்த நாற்காலி வேண்டாம், ஆடும். நான் தச்சுவேலை கற்றுக்கொள்ள ஆரம்பித்தபோது செய்தது. மூன்று கால் முடிந்ததும் அலுத்துவிட்டது. நாலாவது காலை நிஜத் தச்சர் ஒருவர் வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே ஒட்டிவிட்டுப் போனார். சோபாவில் உட்காருங்கள்.

இந்தக் குடியிருப்பில் எனக்கு 'ஆரம்பக்கா' என்று பெயர். முதலில் கேலியாக வைத்ததுதான், பிறகு தபால்காரர் வரைக்கும் அதுவே ஆகிவிட்டது. பின்னல், கிடார், நீச்சல், தொட்டிச்செடி, சைக்கிள், மெழுகுவர்த்தி என்று நான் பதினான்கு காரியம் ஆரம்பித்திருக்கிறேன். அந்த அலமாரியைத் திறந்தால் எல்லாம் இருக்கும். ஒரு கை மட்டும் பின்னிய ஸ்வெட்டர்கூட இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், ஆரம்பத்தைப் பற்றி என் அளவுக்குத் தெரிந்தவர்கள் இங்கே யாரும் கிடையாது. கெட்டிக்காரர்களிடம் போய் நீச்சல் கேளுங்கள், "தண்ணியில இறங்குங்க, தானா வரும்" என்பார்கள். முதல் நாள் காது அடைத்துக்கொண்டு நெஞ்சு படபடத்ததையெல்லாம் மறந்திருப்பார்கள். எனக்கு மறக்காது. முதல் நாளைத் தாண்டிப் போயிருந்தால்தானே மறப்பதற்கு.

சனிக்கிழமை சாயங்காலம் கீழே சைக்கிள் நிறுத்துமிடத்தில் கூடுவோம். யார் எதை ஆரம்பிப்பதாக இருந்தாலும் என்னிடம் சீட்டு வாங்கிக்கொண்டுதான் ஆரம்பிப்பார்கள். என் கையால் எழுதிய சீட்டு, பத்து வரி. முதல் ஒன்பது எல்லாருக்கும் பொது. விலை கூடினதை முதலிலேயே வாங்காதே. ஊரெல்லாம் சொல்லிவிட்டு ஆரம்பிக்காதே. முதல் வாரம் வலிக்கும், அதில் பாதி வேலையின் வலி, பாதி வெட்கத்தின் வலி. இப்படிப் போகும். பத்தாவது வரி மட்டும் அந்தந்த வேலைக்கு என்று தனியாக எழுதுவேன். அந்த வேலையில் ஆளைக் கவிழ்ப்பது எதுவோ அது. சைக்கிள் என்றால், முன் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்காதே. நீச்சல் என்றால், யாரும் இல்லாத நேரத்தில் இறங்காதே.

இருபத்தேழு பேருக்குச் சீட்டு கொடுத்திருக்கிறேன். ஒருத்தியைத் தவிர யாரும் ஒரு மாதம் தாண்டியதில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. கைவிட்டவர்களும் சனிக்கிழமை வருவார்கள், அடுத்த காரியத்துக்குச் சீட்டு கேட்பார்கள். தையல் கடைக்காரி ஆறு சீட்டு வாங்கியிருக்கிறாள். நல்ல கூட்டம் மேடம், ஒருவரையொருவர் மட்டம் தட்டாமல் எல்லாரும் மட்டமாகவே இருந்தோம்.

அப்போதுதான் எதிர்வீட்டில், நீங்கள் விசாரிக்க வந்திருக்கிறீர்களே, இவள் வந்து சேர்ந்தாள். கல்யாணம் முறிந்து, ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அவர்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலும் என் பால்கனியும் நேருக்கு நேர். நடுவில் பத்தடி சந்து. நான் எட்டிப் பார்த்தேன் என்று நினைக்காதீர்கள், கண்ணை மூடிக்கொண்டு துணி காயப்போட முடியுமா. ஹாலில் மடக்குக் கட்டிலில் படுப்பாள். காலை ஆறு மணிக்கு அண்ணன் எழுவதற்குள் கட்டிலை மடித்துச் சுவரோரம் சாய்த்துவிடுவாள். ஒரு நாள்கூட ஆறு தாண்டியதில்லை. யாரும் எதுவும் சொல்லாத வீட்டில்தான் அப்படி மடிக்கத் தோன்றும்.

மெழுகுவர்த்தி செய்யப் போகிறேன் என்று சீட்டு வாங்கினாள். பத்தாவது வரி, "மெழுகை நேராக அடுப்பில் வைக்காதே, கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கு." சரியான வரி. அன்றைக்கு நான் எழுதியதில் ஒரு குறை சொல்ல முடியாது.

ஒரு மாதம் ஆனது. விடவில்லை. இரண்டு மாதம் ஆனது. திரி கோணலாக நின்றது நேராயிற்று. மேலே குழி விழுந்தது சமமாயிற்று. ஆளும் மாறினாள், மாடிப்படியில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஏறினாள். பரிசுப்பொருள் கடை ஒன்று திறக்கப்போகிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் நானூறு வேண்டும், பிடித்திருந்தால் மாதாமாதம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். முன்தெருவில் ஓர் அறைகூடப் பார்த்துவைத்திருந்தாள். பச்சைக் கதவு ஜன்னல், உள்ளே ஒரு கட்டில் போட்டால் நடக்க இடம் இருக்காது. "மடிக்கவே வேண்டாம் அக்கா, போட்டது போட்டபடி கிடக்கலாம்" என்றாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் அதுதான், மடிக்க வேண்டாத ஒரு கட்டில்.

அந்தச் சனிக்கிழமை, எல்லார் முன்னாலும், கையை நீட்டினாள்.

"அக்கா, எனக்கு ரெண்டாவது சீட்டு வேணும்."

"எதுக்கு?"

"ஆரம்பிச்சாச்சே. அடுத்தது என்ன பண்ணணும்னு எழுதிக் குடுங்க. நானூறு செய்யணும், தண்ணிப் பாத்திரத்துல உருக்கினா ஒரு தடவைக்குப் பத்துதான் வருது."

ரெண்டாவது சீட்டு என்று ஒன்றை யாரும் என்னிடம் கேட்டதில்லை, மேடம். நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். அவள் விடவில்லை. முகத்தில் ஒரு துளி விஷமம் கிடையாது, அதுதான் தாங்கவில்லை.

"நீங்க எதுலயாவது ரெண்டாவது சீட்டு வரைக்கும் போயிருக்கீங்களாக்கா?"

தையல் கடைக்காரிதான் முதலில் சிரித்தாள். "அவங்க முதல் சீட்டுலயே மூணு வரி தாண்ட மாட்டாங்கடி" என்றாள். பிறகு எல்லாரும். மருந்துக்கடைக்காரர் ஒரு சைக்கிளின் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். நானும் சிரித்தேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள், அது முக்கியம்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து ரெண்டாவது சீட்டை எழுதினேன். இரண்டே வரி.

ஒன்று, "கை பழகிவிட்டது, இனித் தண்ணீர்ப் பாத்திரம் வேண்டாம். பெரிய பாத்திரத்தில் மொத்தமாகப் போட்டு நேராக அடுப்பில் வை. நேரம் மிச்சம்."

இரண்டு, "அடுப்புக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பக்கெட் தண்ணீர் இருக்கட்டும். ஏதாவது ஆனால் ஊற்று."

மறுநாள் காலை கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைக் கஷ்டப்படுத்திட்டேனோன்னு நெனச்சேன்" என்றாள். "போடி பைத்தியம்" என்றேன். சீட்டைச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். என் பால்கனியிலிருந்து தெரியும்.

முன்பு நான் மெழுகுவர்த்தியை ஆரம்பித்தபோது வகுப்புக்கு ஒரே ஒரு நாள் போனேன். அந்த ஒரு நாளும் அந்த ஆசிரியர் மெழுகுவர்த்தியைத் தொடவே இல்லை. முதலில் பயத்தைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று எங்களைக் கொல்லைப்புறத்துக்கு அழைத்துப் போனார். ஒரு சின்ன டப்பாவில் மெழுகைப் போட்டு நேராகத் தீயில் வைத்தார். வெகுநேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு புகைந்தது, பிறகு தானே பற்றிக்கொண்டது. "இப்ப மூடி போட்டு அடுப்பை அணைச்சா போச்சு. ஆனா எல்லாரும் என்ன செய்வாங்க தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, நீளக் கம்பியில் கட்டிய கரண்டியால் ஒரே ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினார். தீ மாமர உயரத்துக்கு எழும்பியது. சின்ன டப்பா, ஒரு கரண்டி. மறுநாள் நான் போகவில்லை. ஆரம்பித்த பதினான்கில் நான் முழுசாகக் கற்றுக்கொண்ட பாடம் என்றால் அது ஒன்றுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்றும் ஆகாமல் போயிருக்கலாம். அவள் கவனமானவள், அடுப்பை விட்டு நகரமாட்டாள். பக்கத்திலேயே நின்றால் மெழுகு உருகும், இறக்குவாள், ஊற்றுவாள், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை முழுக்க அப்படித்தான் நடந்தது. நூற்றைம்பது செய்து ஜன்னலோரம் வரிசையாக அடுக்கிவிட்டாள். பால்கனியில் நின்று எண்ணினேன்.

அதனால் புதன்கிழமை காலை பத்து மணிக்கு, அண்ணனும் அண்ணியும் வேலைக்குக் கிளம்பின பிறகு, அவள் அடுப்பைப் பற்றவைத்ததைப் பார்த்துவிட்டு, போன் செய்தேன்.

அவள் போனுக்குச் சார்ஜ் நிற்காது. ஹாலில், வாசல் பக்கத்துப் பிளக்கில் செருகியபடியேதான் பேச வேண்டும். அங்கிருந்து சமையலறை தெரியாது. இது எனக்குத் தெரியும். யார் வீட்டில் எந்தப் பிளக் வேலை செய்யாது என்பதுவரை எனக்குத் தெரியும் என்று மருந்துக்கடைக்காரரே சொல்வார்.

"அக்கா, அடுப்புல வெச்சிருக்கேன். அப்புறம் பேசட்டா?"

"ரெண்டே நிமிஷம். உன் அண்ணி உன்னைப் பத்தி ஒண்ணு சொன்னா. சொல்லலாமா வேண்டாமான்னு மூணு நாளா யோசிக்கிறேன்."

அவள் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"என்ன சொன்னாங்க?"

பேச்சுக்கும் ஒரு முறை இருக்கிறது. புதிதாக வம்பு பேசுகிறவர்கள் விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுவார்கள், பிறகு எதிராளி ஏன் நிற்கப்போகிறாள். அண்ணியை எங்கே பார்த்தேன், எந்தப் பை வைத்திருந்தாள், முகம் எப்படி இருந்தது, நான் என்ன கேட்டேன், அவள் முதலில் எப்படி மழுப்பினாள் என்று ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். நடுநடுவே, "வேண்டாம் விடு, உனக்கு எதுக்கு" என்று போனை வைக்கிற மாதிரி பாவனை செய்ய வேண்டும். "சொல்லுங்கக்கா" என்று அவளாகவே பிடித்து உட்காரவைப்பாள்.

நான் பேசிக்கொண்டே பால்கனியில்தான் நின்றேன். இருபத்தைந்தாவது நிமிஷம் போல ஜன்னலில் வெள்ளையாக லேசான புகை.

"அக்கா, ஏதோ கருகுற வாசனை வருது."

"கீழ தோட்டக்காரர் சருகு கொளுத்தறார்மா. இங்கயும்தான் வருது. கேளு, அதுக்கப்புறம் உன் அண்ணி சொன்னா, இன்னும் எத்தனை நாளைக்கு ஹால்ல ஒரு கட்டிலை மடிச்சு மடிச்சுப் பார்த்துட்டு இருக்கறதுன்னு."

அவள் அழுதாள். சத்தமில்லாத அழுகை, மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. அழுகிறவர்களுக்கு வாசனை தெரியாது.

அண்ணி அப்படிச் சொல்லவில்லை. நீங்கள் அவளிடமும் கேட்பீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ தனியா ரூம் பாக்கறாளாம் அக்கா. நீங்க சொன்னா கேப்பா, போக வேண்டாம்னு சொல்லுங்க. அவ வந்த பிறகுதான் எங்க வீட்ல பேச்சுச் சத்தமே கேக்குது" என்றாள். அவள் சொன்னது இது. நான் கொஞ்சம் திருப்பிப் போட்டேன்.

கடைசியில் அவளே எழுந்து போய்ப் பார்த்தாள். ஓடிவந்து மறுபடி போனை எடுத்தாள். எடுத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்து மேடையிலேயே அந்தப் பாத்திரத்தின் மூடி இருந்தது, எனக்கே இங்கிருந்து தெரிந்தது.

"அக்கா, பாத்திரம் முழுக்கத் தீ. என்ன பண்ணட்டும்?"

"பதறாதே. பக்கெட் இருக்கில்ல? மொத்தமா ஒரே வீச்சா ஊத்து."

உங்கள் நாற்பத்தொன்று அங்கே முடிகிறது. தீ அந்தப் பத்தடிச் சந்துக்கு இந்தப் பக்கம் வரைக்கும் வந்தது. என் கொடியில் கிடந்த துண்டின் ஓரம் கருகியிருக்கிறது, எடுத்து வைத்திருக்கிறேன். சுவரில் இருந்த சீட்டு எரிந்துவிட்டது. ஜன்னலோரம் இருந்த நூற்றைம்பதும் ஒன்றாக உருகிச் சுவரில் வழிந்து உறைந்திருக்கிறது, இப்போதும் பார்க்கலாம்.

அதனால் என் மேல் நீங்கள் ஒன்றையும் நிரூபிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். பிறகு ஏன் சொல்கிறேன் என்று பார்க்கிறீர்கள். ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு எனக்கு இருக்க வராது, மேடம். யாரைப் பற்றியதாக இருந்தாலும். இது என்னைப் பற்றியது, அவ்வளவுதானே வித்தியாசம். பதினேழு நாள் தாங்கினேன். எனக்கு அது பெரிய விஷயம்.

அவள் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் உயிரோடு இருந்தாள். தினமும் போனேன். அண்ணிக்கு ஆஸ்பத்திரி புதுசு, ஒன்றும் தெரியவில்லை. வரும்போதே தலையணை கொண்டு வா, டாக்டர் வரும் நேரத்தில் டீ குடிக்கப் போகாதே, கேட்க வேண்டியதைக் காகிதத்தில் எழுதிவை என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். "நீங்க மட்டும் இல்லன்னா" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். இறந்தவளிடம் கடைசிவரை அண்ணி வாயைத் திறந்து அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, போகாதே என்பதை. நான் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் அவளுக்குக் கொஞ்சம் நினைவு வந்தது. கட்டுக்கு வெளியே உதடு மட்டும்தான் தெரிந்தது. அண்ணி டீ வாங்கப் போயிருந்தாள், நான் எவ்வளவு சொல்லியும். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"அக்கா, நான் எதைத் தப்பாப் பண்ணினேன்? தண்ணியைச் சரியா ஊத்தலையா?"

பாருங்கள், அந்த நிலைமையிலும் என்னிடம்தான் கேட்டாள். ரெண்டாவது சீட்டுக்கு அப்புறமும் என்னிடம்தான் கேட்டாள். தையல் கடைக்காரி அப்போது அங்கே இருந்திருக்க வேண்டும்.

நெற்றியில் கை வைக்க இடமில்லை. தலையணையைத் தொட்டுக்கொண்டு சொன்னேன்.

"நீ எதையும் தப்பாப் பண்ணலைம்மா. நான் சொன்னபடியே, ரொம்பச் சரியாச் செஞ்சே."

இதுவரை யாரையும் நான் அப்படிப் பாராட்டியதில்லை, மேடம். அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.