நெல்லுக்குப் பக்கத்தில் சாம்பல்

— வேற எந்தக் கலர் வேணும்னாலும் அடிச்சுக்கம்மா பாரதி. அந்தப் புடவைக்கு நீலம் மட்டும் வேணாம்.

— ஏன் சார்?

— சாரா? உங்கம்மா நாகம்மா என்னை ஐயான்னுதான் கூப்பிடும்.

— அவங்க உங்க வயல்ல அறுக்கிறாங்க. நான் பஸ் ஸ்டாப் சுவத்துல படம் வரையிறேன், ராஜராஜன் சார். நீலம் ஏன் வேணாம்?

— தெரியாத மாதிரி கேக்காத. நீலம்னா உங்க தெருக் கொடி. இது குத்தாலம் பஸ் நிக்கிற இடம், எல்லாத் தெரு ஆளும் வருவான். நாளைக்கு எவனாவது கேட்டா நான்தானே பதில் சொல்லணும்?

— பஞ்சாயத்துத் தலைவர் உங்க வீட்டுக்காரம்மாதானே? அவங்க சொல்லட்டும்.

— வாய் ரொம்ப நீளுது.

— அம்மா அன்னிக்குக் கட்டியிருந்தது நீலப் புடவை சார். போன தையில மழை பேஞ்சு நெல்லு சாஞ்சு, மிஷின் எறங்கல. மொழங்கால் சேத்துல நின்னு அறுத்தாங்க. உங்க வயல்தான். அந்தப் போட்டோவைப் பாத்துத்தான் வரையிறேன்.

— ஐயா, அவ கெடக்கிறா, நீங்க மனசுல வச்சுக்காதீங்க. ஏன்டி, நான் எந்தக் கலர்ல இருந்தா என்னடி? ஐயா சொல்றபடி அடிச்சுட்டுப் போயேன்.

— நீ சும்மா இரும்மா.

— நாகம்மாவுக்கு இருக்கிற புத்தி படிச்ச உனக்கு இல்ல. சாம்பல் அடி. கருப்பையும் வெள்ளையையும் கலந்து, பொகை மாதிரி. யாருக்கும் வம்பில்ல. ஆளையும் நடுவுல நிறுத்தாத, ஓரமா ஒதுக்கிரு.

— அப்புறம்?

— நெல்லு ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு? எங்க வயலும்மா அது. பழுத்து, செவசெவன்னு நிக்கணும். பஸ்ல போறவன் திரும்பிப் பாக்கணும்.

— ஆரஞ்சு ஏத்தலாமா?

— நல்லா ஏத்து.

— ஆளைச் சுத்தி நெல்லைத் தவிர வேற எதுவும் வேணாம், இல்லையா?

— வேற எதுக்கு? எல்லாம் நெல்லுதான்.

— சரி சார். நீங்க சொன்ன மாதிரியே செய்றேன். புடவையில ஒரு சொட்டு நீலம் இருக்காது.

— இது பேச்சு. வரேன்.

— அவரு காரு போயிருச்சுல்ல, இப்ப கேக்கிறேன். சாம்பலாடி? எழவு வீட்டுக்குப் போறவ மாதிரியா என்னை ஊருக்கு நடுவுல நிறுத்தப் போற?

— எந்தக் கலர்ல இருந்தா என்னன்னு இப்பதானே சொன்ன?

— அவருக்கு எதிர வேற என்னத்தைச் சொல்றது? அந்தப் புடவை நான் ஆசைப்பட்டு எடுத்ததுடி.

— அழாத. கருப்பு டப்பாவையும் வெள்ளை டப்பாவையும் எடு. நீயே கலக்கு. நீல டப்பாவை வீட்டுக்குக் கொண்டு போயிரு. அது இந்தப் பக்கமே இருக்கக் கூடாது.

*

— ஏய் பாரதி! நான் வேதாரண்யம் போயிட்டு வர்றதுக்குள்ள வேலையைக் காட்டிட்டியா?

— என்ன சார் ஆச்சு?

— என்ன ஆச்சா? வாய்க்கால் பாலத்துல வரும்போதே தெரியுது, நீலம்! ஓரத்துல ஒத்தையா நிக்கிறா, கண்ணு நேரா அங்கதான் போவுது.

— ஓரத்துல ஒதுக்கச் சொன்னது நீங்க. கூட்டத்தோட நின்னிருந்தா கலந்து போயிருப்பாங்க.

— நீலம் அடிக்கச் சொன்னது யாரு?

— அடிக்கலையே.

— எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?

— கையைக் குழல் மாதிரி மடக்குங்க. மடக்குங்க சார், பரவால்ல. ஒத்தக் கண்ணுல வச்சு, நெல்லு தெரியாம புடவையை மட்டும் பாருங்க. என்ன தெரியுது?

— சாம்பலா இருக்கு.

— கையை எடுங்க.

— நீலம்.

— திரும்ப வைங்க.

— சாம்பல்... ஏ, என்ன கண்கட்டு வித்தை இது?

— ஐயா, நெசமாவே சாம்பல்தாங்க. நான்தான் கலக்கிக் குடுத்தேன். கருப்பும் வெள்ளையும். பாருங்க, கையெல்லாம்.

— வித்தை இல்ல சார், காலேஜ்ல முதல் வருஷப் பாடம். ஆரஞ்சு நடுவுல சாம்பலை வச்சா, கண்ணே அதை நீலமாக்கிக்கும். ஆரஞ்சு ஏற ஏற நீலமும் ஏறும். நல்லா ஏத்துன்னது யாரு?

— பாடம் நடத்தாத. சுண்ணாம்பு கொண்டாரச் சொல்றேன். அந்த நீலத்து மேல இப்பவே வெள்ளையடி.

— எந்த நீலத்து மேல?

— அதான்... அங்க தெரியுதே!

— சுவத்துல இல்ல சார், உங்க கண்ணுல இருக்கு. சுண்ணாம்பை அங்க அடிங்க.