ஏழாம் குழியின் நீல மணி

இந்த நாற்காலியே போதும் ஐயா. இருபது வருடம் குத்துக்காலிட்டு மண் சுரண்டியதில் முட்டி தேய்ந்துவிட்டது. கால் நீட்ட இடம் இருந்தால் சரி. நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரே ஒரு மேட்டைத் தோண்டியவள். மூவாயிரம் வருடத்துக்கு முன் அங்கே முப்பது வீடுகள் இருந்தன. எந்த வீட்டு அடுப்பு எந்தப் பக்கம் பார்த்தது, எந்த வீட்டுத் தரையை ஒன்பது முறை பூசினார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

என் தங்கையும் தொல்லியல்காரிதான். ஆனால் அவள் கையில் மண் ஒட்டாது. எந்தச் சரக்கு எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்குப் போனது என்று உலக வரைபடத்தில் கோடு போடுவாள். "சின்னவ உலகத்தைச் சுத்துறா, பெரியவ குழி தோண்டுறா" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்வாள். வேடிக்கையாகத்தான் சொல்வாள். நானும் சிரிப்பேன்.

ஆறு வருடத்துக்கு முன் தங்கை என் மேட்டுக்கு வந்து நான்கு நாள் தங்கினாள். ஏழாம் குழியில் நான் எடுத்த நீலக் கண்ணாடி மணியைப் படம் பிடித்துக்கொண்டு போனாள். அது கடல் கடந்து வந்த சரக்கு என்று புத்தகம் எழுதினாள். புத்தகம் ஓகோவென்று போயிற்று. அதிலிருந்த வரைபடத்தில் என் முப்பது வீடுகளும் சேர்ந்து ஒரு புள்ளி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். புள்ளிதான்.

போன மாதம் அதே குழியின் அடியில் உடைந்த மண் கிண்ணம் ஒன்று கிடைத்தது. உள்ளே உருகிய நீலக் கண்ணாடி ஒட்டியிருந்தது. மணியை அங்கேயே செய்திருக்கிறார்கள். படமும் அளவும் எடுத்துவிட்டு, கிண்ணத்தை இருந்த இடத்திலேயே விட்டு அவளுக்கு போன் செய்தேன். அவள் முகம் சுருங்குவதைப் பார்க்க ஆசை, அவ்வளவுதான். அவள் வந்த அன்று காலை, குழிச் சுவரைத் தாங்கிய முட்டுக்கட்டையின் ஆப்பைச் சரிபார்த்ததாக நேற்று போலீஸ் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். சரிபார்க்கவில்லை. தளர்த்தி வைத்தேன்.

மதியம் ஆட்கள் சாப்பிடப் போனார்கள். தங்கை இரண்டு ஆள் ஆழம் ஏணியில் இறங்கிக் கிண்ணத்தின் முன் மண்டியிட்டாள்.

"இங்கயேதான் உருக்கியிருக்காங்கக்கா. நான் எழுதினது தப்பு."

"அப்படியா?"

"ஆனா இந்த நீலத்துக்கான தாது இந்தப் பக்கமே கிடையாதே. அது மட்டும் கடல் தாண்டித்தான் வந்திருக்கணும். சாயம் வெளியூரு, கை உள்ளூரு. நீ பாதி, நான் பாதி. சேர்ந்தே எழுதுவோம்க்கா. உன் பேரு முதல்ல."

அவள் முகம் சுருங்கவில்லை. மலர்ந்திருந்தது. எனக்கு ஒரு மாதமாகப் பிடிபடாதது அவளுக்கு இரண்டு நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது. அதுவும் சரியாக. அவள் வீம்பு பிடித்திருந்தால் மேலே ஏறி வரவிட்டிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

"கிண்ணத்தை முதல்ல அனுப்பு" என்றேன். வாளியில் துணி விரித்து, பதமாக வைத்து அனுப்பினாள். ஏணியை மேலே இழுத்துக்கொண்டேன். "என்னக்கா?" என்றாள். சுத்தியலால் ஆப்பை ஒரு தட்டு தட்டினேன். மண் பெரிய சத்தமில்லாமல்தான் சரிந்தது. ஆட்கள் திரும்ப அரை மணி ஆயிற்று. அவர்கள் தலை தெரிந்த பிறகுதான் கூச்சல் போட்டேன்.

கட்டுரையை நேற்று அனுப்பிவிட்டேன். சாயம் வெளியூர், கை உள்ளூர் என்பதுதான் சாரம். எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும். ஆனால் கடைசிப் பக்கத்தில் தங்கைக்கு நன்றி சொல்லி ஒரு வரி சேர்த்திருக்கிறேன், யாரும் கேட்காமலே. எனக்கு அவள்மேல் பொறாமை என்று ஒன்று இருந்திருந்தால், ஐயா, அந்த வரியை எழுதியிருப்பேனா?